கிட்டாரை விற்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

பிரஸ் மெஷினில் இடது கை மோதிர விரலின் நுனி போய்விட்டது, கிட்டாரை விற்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். பொறு. ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசைக்கு வழிவகுத்த பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி செய்ததைக் கேட்டுவிட்டு முடிவெடு.

1965, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு அது கடைசி நாள். வராத ஆளுக்குப் பதிலாக பிரஸ்ஸில் நின்ற 17 வயதுப் பையனுக்கு வலது கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. இடது கைக்காரர் என்பதால் தந்தி அழுத்தும் கையே அதுதான். தொழிற்சாலை மேலாளர் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கவைத்தார். 1928இல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்தவர் ஜாங்கோ.

பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை அயோமி உருக்கி உருண்டையாக்கினார். ஆறியதும் சால்டரிங் அயர்னால் விரல் நுழையத் துளையிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தொப்பியாக்கினார். வெறும் பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி ஒட்டினார். அதையும் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகுதான் பிடிப்பும் சறுக்கலும் அளவாக அமைந்தன. ஒரு தொல்லை மட்டும் தீராது: தொப்பி வழியே தந்தியை விரலால் உணர முடியாது, கை அளவுக்கு மீறி அழுத்தும், சுரம் ஏறிப்போகும். காதை நம்பித்தான் பழக வேண்டும்.

அழுத்த எளிதான மெல்லிய கிட்டார் தந்தி செட் அன்று கடைகளில் இல்லை. முதல் இரண்டு இடங்களில் பாஞ்சோ தந்திகளைப் போட்டு, மற்றவற்றையும் மெலிதாக்கிக்கொண்டார். 1971இல் வந்த குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கி, ஈ தந்தியை சி ஷார்ப்பில் நிறுத்தினார். விபத்தே ஹெவி மெட்டலைப் பெற்றெடுத்தது என்பார்கள். எனக்கு அது பாதிதான் சரி. முதல் இரண்டு ஆல்பங்களும் வழக்கமான சுருதியில்தானே இருக்கின்றன? அந்தக் கனம் அவர் தேர்ந்தெடுத்த சுரங்களிலிருந்து வந்தது. குழுவின் பெயரையே தாங்கிய பாட்டில் ச, மேல் ச, பிறகு பிரதி மத்தியமம், அவ்வளவுதான். கல்யாணியில் நமக்கு இனிக்கும் அதே மத்தியமம் அங்கே வயிற்றைக் கலக்குகிறது!

சுருதி இறக்குவதை அவருக்குப் பின் சவுண்ட்கார்டன் போன்ற ராக் குழுக்கள் தங்கள் ஒலியாகவே ஆக்கிக்கொண்டன. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் சபாத்தின் கடைசி நிகழ்ச்சிக்கு மெட்டாலிகா, ஸ்லேயர் ஆகிய மெட்டல் குழுக்களும் வந்து வாசித்தன. வருமானம் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனை உள்ளிட்ட அறப்பணிகளுக்குப் போனது.

உன் கிட்டாரில் சுருதி இறக்கினால் இழுவிசை குறையும், கழுத்து பின்னால் வளையும், தந்தி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) உரசும். கழுத்துக்குள் இருக்கும் உலோகக் கம்பியான டிரஸ் ராடை இடஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் தளர்த்திப் பார். அப்புறம் 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அங்கே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டினால் எழும் ஹார்மோனிக்கும் ஒத்துப்போகும்வரை, பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சேடிலை நகர்த்து.

வாசிக்கத் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது என்றால், கிட்டாரைத் திருப்பிப் பிடித்து மறுகையில் பழகுவதும் ஒரு வழி. எப்படியானாலும் புண் முழுதாக ஆறி, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தொப்பி மாட்டாதே. அதுவரை ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் வைத்து பவர் கார்டு (ச, ப இரண்டையும் சேர்த்து ஒலிக்கும் கார்டு) பழகு.

அன்புடன்,
அண்ணன்