பின்பாட்டுக்காரர் சொல்லும் ‘ஆமா’

தக்கலை
பங்குனி 12

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன் என்று வருத்தப்பட்டிருப்பாய். “ஒக்கிப் புயலில் போனவர்களுக்காகப் பாடினேன், மலையை உடைப்பதற்கு எதிராகப் பாடினேன், என்ன மாறியது? பாட்டால் ஒன்றும் ஆகாது அப்பா, ராப் எழுதுவதையே நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்” என்றாய். அந்த நேரத்தில் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருந்தால் அது யோசிக்காமல் சொன்ன சொல்லாகப் போயிருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

சில மாதங்களாகவே நீ பெயர் சொன்ன பாடகர்களைத் தேடிக் கேட்டும், அவர்களைப் பற்றிக் கிடைத்ததை வாசித்தும் வருகிறேன். ஆங்கிலச் சொற்கள் பலவும் எனக்கு முதலில் பிடிபடவில்லை. தாளம் உடனே பிடிபட்டது. உன் தாத்தா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர் என்பது உனக்குத் தெரியும். கோயில் கொடை விழா நடக்கும் ஊர்களுக்கெல்லாம் அவர் பின்னால் போய், விடிய விடிய வில்லின் எதிரே உட்கார்ந்து வளர்ந்தவன் நான். புலவர் ஓர் அடியைச் சொல்லி நிறுத்துவதும், பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ என்று அதைத் தாங்கிக்கொள்வதும், உடுக்கையும் குடமும் பேச்சுக்குள் புகுந்து அதைப் பாட்டாக்கிவிடுவதும் என் காதில் ஊறியவை. ஒருவர் மைக்கைப் பிடித்து விரைந்து சொல்லிச் செல்ல, உடனிருப்பவர் அவருடைய கடைசிச் சொல்லை வாங்கித் திருப்பிச் சொல்லும் அந்த முறையைக் கேட்டபோது, கடல் கடந்து வந்த ஒன்றாக அது எனக்குத் தோன்றவில்லை. உன் கேள்விக்கான பதிலையும் அந்த ‘ஆமா’விலிருந்தே தேடினேன்.

ராப்பை உள்ளடக்கிய ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று 1973 ஆகஸ்ட் 11-ஐச் சொல்கிறார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற எண்ணுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில், பள்ளி திறப்பதற்கு முன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்ப்பதற்காக சிண்டி கேம்பல் என்ற பெண் நடத்திய விருந்தில், ஜமைக்காவில் பிறந்து அங்கே குடியேறிய அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டுகளை ஓட்டினார். பாட்டின் நடுவே தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சிறு பகுதியை, இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி வைத்து நீட்டிக்கொண்டே போவது அவர் கண்ட வழி. அந்தத் தேதியை வாசித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன், மக்களே. நம் குமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டுத் திரண்ட நம் மக்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டது 1954 ஆகஸ்ட் 11. தாத்தா அன்று புதுக்கடைக் கூட்டத்தில் இருந்தவர். துப்பாக்கியைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. எல்லோரும் ஒரே முழக்கத்தைச் சொன்னபோது தன் குரல் தன் காதுக்கே கேட்காமல் போனதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். இரண்டு நாட்களும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் தாத்தா சொன்ன அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் பிராங்க்ஸின் கதை எனக்கு விளங்கியிருக்காது.

அந்தப் பகுதியின் நடுவே ராபர்ட் மோசஸ் என்பவரின் திட்டப்படி விரைவுச் சாலை ஒன்று வெட்டப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. எழுபதுகளில் அங்கே கட்டடங்கள் வரிசையாக எரிந்தன. நம் பக்கத்தில் நான்கு வழிச்சாலைக்காகக் குளத்திலும் வயலிலும் மண் கொட்டப்பட்டதைப் பார்த்த உனக்கு அந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் அங்கே ஆட்டமும் கொண்டாட்டமுமாக இருந்த இசை, 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவினர் வெளியிட்ட ‘தி மெசேஜ்’ பாட்டில் உடைந்த கண்ணாடி, எலி, கரப்பான், வேலையில்லாத் திண்டாட்டம் என்று தெருவில் கண்டதைக் கண்டபடி சொல்லத் தொடங்கியது. அந்தப் பாட்டில் கோரிக்கை எதுவும் இல்லை. இருப்பது எங்கள் தெரு இப்படித்தான் இருக்கிறது என்ற சாட்சியம் மட்டுமே. பாட்டு செய்யும் முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

சாட்சியம் சொன்னவர்களை அதிகாரம் எப்படிப் பார்த்தது என்பதும் இதோடு சேர்ந்ததே. லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த என்.டபிள்யூ.ஏ. குழு 1988-இல் போலீஸ் வன்முறையைப் பற்றி மிகக் கடுமையான சொற்களில் பாடியது. அந்தச் சொற்களை நம் வீட்டுக் கூடத்தில் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி ஒருவர் அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். 1991 மார்ச்சில் அதே நகரத்தில் ராட்னி கிங் என்பவரைப் போலீசார் சூழ்ந்து நின்று அடித்ததை ஒருவர் வீடியோ எடுத்தபோது, அந்தப் பாட்டு சொன்னதை உலகமே கண்ணால் பார்த்தது. இருந்தும் 1992-இல் அந்தப் போலீசார் விடுவிக்கப்பட்டார்கள், நகரம் எரிந்தது. உன் சந்தேகத்துக்கு இங்கே வலு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் மட்டும் நீதி கிடைத்துவிடாது.

துனிசியாவின் கதையைப் பலரும் பாட்டின் வெற்றியாகச் சொல்கிறார்கள். ஸ்ஃபாக்ஸ் நகரத்தைச் சேர்ந்த, எல் ஜெனரால் என்று பெயர் வைத்துக்கொண்ட இளைஞர் 2010 நவம்பரில் நாட்டின் தலைவர் பென் அலியையே முன்னிலைப்படுத்தி, உங்கள் மக்கள் குப்பையில் சோறு தேடுகிறார்கள் என்ற பொருளில் ஒரு ராப் வெளியிட்டார். டிசம்பரில் முகமது பூவாசிசி என்ற தெரு வியாபாரி தீக்குளித்த பின் எழுந்த கிளர்ச்சியில் அது தெருத்தெருவாக ஒலித்தது. ஜனவரி 6-இல் பாடகரைக் கைது செய்தார்கள். ஜனவரி 14-இல் பென் அலி நாட்டை விட்டே ஓடினார். தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பாட்டுதான் அவரை விரட்டியது போலத் தோன்றும். ஆனால் ஊர் ஊராகக் கடையடைத்த மக்களும், தொழிற்சங்கம் நடத்திய வேலைநிறுத்தங்களும் இல்லாமல் அது நடந்திருக்காது. புலவர் அடியைப் போட்டார். பின்பாட்டுக்கு ஒரு நாடே இருந்தது.

என் மனத்தில் நின்றது செனகல். 2011-இன் தொடக்கத்தில், மணிக்கணக்காக மின்சாரம் இல்லாத தாக்கார் நகரத்தில், கேர் குயி என்ற ராப் குழுவினரும் ஒரு பத்திரிகையாளரும் நண்பர்களும் சேர்ந்து, ‘போதும், பொறுத்தது போதும்’ என்ற பொருளில் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் பாட்டோடு நிற்கவில்லை. தெருக்களில் பாடிக் கூட்டம் சேர்ப்பதும், சேர்ந்த இளைஞர்களிடம் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்யச் சொல்வதுமாக மாதக்கணக்கில் உழைத்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 23-இல் மக்கள் திரண்டதும், அதிபர் அப்துலாயே வாதே கொண்டுவந்த அரசியல் சட்டத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. 2012 மார்ச்சில் தேர்தலில் அவர் தோற்றார். வாக்காளர் அட்டைக்காக வரிசையில் நிற்பது பாடுவதற்கு உகந்த பொருளாகத் தெரியாது. அதைப் பாட்டாக்கியவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தபோது நம் கொடைகள்தான் நினைவுக்கு வந்தன. பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களை மணந்து, அவர்கள் மாட்டைக் காக்கப் போய் உயிரிழந்த முத்துப்பட்டன் கதையை நம் புலவர்கள் தலைமுறை தலைமுறையாக வில்லில் பாடிவருகிறார்கள். கேட்டவர்கள் அழுதார்கள், ‘ஆமா’ போட்டார்கள், விடிந்ததும் அவரவர் சாதித் தெருவுக்குத் திரும்பினார்கள். ‘பாட்டால் ஒன்றும் ஆகாது’ என்று நீ சொல்வதற்கு இதைவிடப் பெரிய சான்று நான் தர முடியாது. ஆனால் இதே மண்ணில் சாமித்தோப்பில் வேறொன்றும் நடந்தது. அய்யா வைகுண்டரின் அகிலத்திரட்டு, 1841-இல் அரிகோபாலச் சீடர் ஏட்டில் எழுதியது, அம்மானையாக இழுத்துப் பாடும் நூல். திருவிதாங்கூர் மன்னனைக் ‘கலிநீசன்’ என்று பெயரிட்டுச் சொன்ன பாட்டு அது. அதைப் பாடிய மக்கள் தங்களுக்கு மறுக்கப்பட்டிருந்த தலைப்பாகையைக் கட்டினார்கள். எல்லாச் சாதியாரும் முத்திரிக் கிணற்றில் ஒன்றாக நீர் இறைத்தார்கள். அய்யாவைச் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தும் அந்த எழுச்சி அடங்கவில்லை. மேலாடை அணியும் உரிமைக்காக நம் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராடி, நிபந்தனையோடு கூடிய ஓர் ஆணையை 1859-இல் பெற்ற வரலாறும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததே. முத்துப்பட்டன் கதையில் இல்லாத எது அகிலத்திரட்டில் இருந்தது என்று கேட்டால், பாட்டு முடிந்ததும் செய்ய ஒரு வேலை இருந்தது என்பேன். கிணறு இருந்தது.

உனக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் கொடைக்கானல். தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் பாதரசத்தால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுக்காகச் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் 2015-இல் பாடிய ராப், லட்சக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. நீ இந்த இரண்டு தேதிகளை மட்டும் பார்க்கிறாய். தொழிற்சாலை மூடப்பட்ட 2001 முதலே அந்தத் தொழிலாளர்கள் சங்கமாகக் கூடி, நீதிமன்றப் படி ஏறி, மருத்துவ அறிக்கைகளைச் சேர்த்து வைத்துக் காத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார். அந்தப் பெண் பாடியபோது ‘ஆமா’ சொல்லப் பல ஆண்டுகளாகத் தயாராக இருந்தவர்கள் அவர்கள்.

இனி உன் பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஒக்கிப் பாட்டை இருபது முறையாவது கேட்டிருப்பேன். தாளம் நன்றாக இருக்கிறது. எதுகை எங்கும் வலிந்து வரவில்லை. மூன்றாவது சரணத்தில் ‘நாங்கள் கடலில் செத்தோம்’ என்று எழுதியிருக்கிறாய். தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறோம். ‘நாங்கள்’ என்றால் கேட்பவரை வெளியே நிறுத்துகிறோம். நாம் மலையோரத்து மனிதர்கள், மக்களே. 2017 நவம்பர் 30 அன்று நம் வீட்டுப் பலா மரமும் ரப்பரும் சாய்ந்தன. ஆள் யாரும் போகவில்லை. தூத்தூரிலும் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் வீடு வீடாக உயிர்கள் போயின. டிசம்பர் 7 அன்று அந்த ஊர்ப் பெண்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, கடலில் தேடச் சொல்லிக் கேட்டார்கள். அவர்கள் ‘நாங்கள்’ என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு ஆள் இருக்கிறது. நீ சொல்லும்போது யார் இருக்கிறார்கள்? இந்தப் பாட்டை இணையத்தில் வெளியிட்டாய், பெங்களூரில் மேடையில் பாடினாய். சின்னத்துறையில் ஒருவர் முன்னால்கூடப் பாடியதில்லை. கேட்டவர்கள் கை தட்டினார்கள். ‘ஆமா’ சொல்ல வேண்டியவர்கள் இன்னும் அதைக் கேட்கவே இல்லை. எதுவும் மாறவில்லை என்று நீ முடிவு செய்வது அதனால் அவசரமான முடிவு.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. ஈரானில் தூமாஜ் சலேஹி என்ற ராப் பாடகருக்கு 2024 ஏப்ரலில் மரண தண்டனை விதித்தார்கள் என்று வாசித்த இரவு நான் தூங்கவில்லை. ஜூனில் அது ரத்தானது, டிசம்பரில் அவர் வெளியே வந்தார் என்று அறிந்த பிறகுதான் அம்மாவிடம் அதைப் பற்றிப் பேசினேன். நம் நாட்டிலும் பாட்டுக்காக வழக்குகளைச் சந்திப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பெயரோ எண்ணிக்கையோ சொல்லும் ஒவ்வோர் அடியையும் பாதிக்கப்பட்டவர்களிடம் கேட்டுச் சரிபார்த்துவிட்டு எழுது. அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை, உனக்குக் காவல். இந்த இசையில் பணத்தைக் காட்டிப் பெருமை பேசுவதும் பெண்களை இழித்துப் பேசுவதும் நிறைய இருக்கின்றன என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1993-இல் குயின் லத்தீஃபா அதே இசையைக் கொண்டே அந்த இழிவை எதிர்த்துப் பாடியதைக் கேட்டபோது, உன்னை நினைத்துக்கொண்டேன்.

நீ நிறுத்துவதென்றால் நிறுத்து. நான் வற்புறுத்த மாட்டேன். அதற்கு முன் ஒரு முறை ஊருக்கு வா. சித்திரை இரண்டாம் செவ்வாய் நம் கோயிலில் கொடை. அதற்கு முந்திய ஞாயிறு சின்னத்துறைக்குப் போகலாம். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அங்கே வலை பின்னுகிறான். ஒக்கியில் அவன் அண்ணன் திரும்பி வரவில்லை. நீ பாடிக் காட்ட வருகிறாய் என்று சொல்லவில்லை. அவர்கள் பேசுவதைக் கேட்க வருகிறாய் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்று மாலைக்குள் மூன்றாவது சரணம் எப்படி இருக்க வேண்டும் என்று உனக்கே தெரிந்துவிடும். பிறகு அவர்கள் கேட்டால் பாடு.

தாத்தாவின் வில் பரணில்தான் கிடக்கிறது. நாண் அற்றுப்போயிற்று, அதைப் பிறகு பார்க்கலாம். குடத்தை மட்டும் இறக்கிக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா