மில் அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும் ஒரு நன்றி மடல்

அன்பின் சபையாருக்கும் ஊராருக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு, 2020 செப்டம்பர் 6ஆம் தேதி, கொரோனா ஊரடங்கில் அடைத்திருந்த நம் ஆலயத்தில் மறுபடியும் ஆராதனை நடந்தது. பெஞ்சுக்கு இரண்டு பேர், எல்லோர் முகத்திலும் மாஸ்க், வாசலில் சோப்புத் தண்ணீர். குருவானவர் ஆசீர்வாதம் சொல்லி முடித்த பிறகும் யாருக்கும் எழுந்து போக மனம் வரவில்லை. இந்த ஐந்து மாதங்களைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. எல்லோர் வீட்டிலும் அதே கதைதான். நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆலயம் அடைத்திருந்த நாட்களில் குருவானவர் பேசியதையும் பிள்ளைகள் பாடியதையும் எடுத்து நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சின்ன வீடியோக்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஏப்ரல் 4, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கியது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழக்கம் உண்டு என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. என் போன், ஒரு முக்காலி, அதன் மேல் கவிழ்த்த அரிசி டப்பா, போன் சாயாமல் இருக்க ஒரு ரப்பர் பேண்ட். குருவானவரை ஜன்னலுக்கு முன்னால் நிற்கவைத்து 20 நிமிடம் எடுத்தேன். வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் கறுத்துப் போனது. 16 எம்.பி.க்கு மேல் இருந்ததால் வாட்ஸ்அப்பில் போகவும் இல்லை. மூன்று துண்டாக வெட்டி அனுப்பினோம். அதிலும் பக்கத்து மாவு மில் சத்தம்தான் கேட்டது. வடக்குத் தெரு ஆச்சி போன் செய்து, "ஐயா வாய் அசையுது, மில்லுதான் பேசுது" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்தின நாள். காலை பத்து மணிக்குக் குருவானவர் எங்கள் வராந்தாவில் வந்து நின்றார். மில் சத்தம் இல்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தோம். கர்த்தர் கிருபை என்று சொல்லிக்கொண்டு அவசர அவசரமாக மூன்று நிமிடம் எடுத்து முடித்தோம். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கு அடுத்த வாரமும். சனிக்கிழமை பத்து மணிக்கு இந்தப் பக்கம் கரண்டை நிறுத்துகிறார்கள் போலிருக்கிறது என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என் வீட்டு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததைக்கூட கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில்தான் உண்மை தெரிந்தது. புட்டு மாவு திரிக்க ஒரு சம்படம் அரிசியோடு மில்லுக்குப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு சிலேட்டு தொங்கியது. மாவு படிந்து வெளுத்திருந்தது. அதில் சாக்பீஸால், "சனி காலை 10 – 11 மாவு திரிக்கப்படாது" என்று எழுதியிருந்தது. 'திரிக்கப்படாது' மட்டும் பலதடவை அழிந்து, பலதடவை மேலே எழுதப்பட்டிருந்தது. என்ன விஷயம் என்று கேட்டேன். வேலைக்கு நிற்கும் பையன் சொன்னான்: "டீச்சர், அந்த நேரம் நீங்க வீடியோ எடுப்பியள்லா. அதான் அண்ணாச்சி மில்ல நிப்பாட்டிருவாவ."

அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் மதியம் ஒரு மணிக்கு எல்லாக் கடையும் அடைக்க வேண்டும். மில்லுக்குக் கூட்டமே காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான். வத்தல், மல்லி, சத்துமாவு என்று பை பையாக வரிசையில் இருக்கும். அதில் நடுவிலே ஒரு மணி நேரம் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வந்தவர்களுக்குப் பதிலும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆகஸ்ட் 29 வரைக்கும் 21 சனிக்கிழமை. ஒருமுறைகூட எங்களிடம் வந்து சொல்லவில்லை. அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. அம்மன் கோயில் கொடை விழாவுக்கு முன்னால் நின்று வேலை பார்க்கிறவர்.

கேட்டதற்கு அண்ணாச்சி சொன்னது இவ்வளவுதான்: "நல்ல வார்த்தைதான சொல்லுதிய. ஒரு மணி நேரத்துல ஊரு பட்டினியா கெடக்கப் போவுது?" அப்புறம் கொஞ்சம் தயங்கி, "எங்க அம்மைக்கு அந்தப் பிள்ளைய பாடுத வீடியோவ மட்டும் இன்னொரு தடவ அனுப்புங்க டீச்சர். போன்ல எங்கயோ போயிட்டு" என்றார். அங்கேயே நின்று அனுப்பினேன். அரிசி திரித்ததற்குக் காசு கொடுக்க மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை.

எங்கள் தாத்தா உபதேசியார். துணியில் ஒட்டிய வேதப் படச்சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, தேரிக்காட்டு மணலில் நடந்து ஊர் ஊராகப் போவாராம். ஒரு ஊரில் யாராவது படத்தைத் தொங்கவிடத் திண்ணையும், பெட்ரோமாக்ஸ் வைக்க ஒரு உரலும் தந்தால்தான் அன்றைக்குக் கூட்டம். தந்தவர்களில் பாதிப் பேர் சபைக்கு வராதவர்கள் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நாம்தான் போய்ச் சொல்கிறோம், அவர்கள் கேட்கிறார்கள் என்று நினைத்தே வளர்ந்தேன். சிலேட்டுக்கு முன்னால் நின்றபோது தாத்தாவுக்குத் திண்ணை தந்தவர்கள் ஞாபகம் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நம் சபைப் பதிவேட்டில் இருக்காது. அது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். யாருமே வராத ஆலயத்தில் ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்குத் தவறாமல் மணியடித்த கோயில்பிள்ளை, உங்கள் மணியோசையை வைத்துத்தான் எல்லா வீடியோவும் தொடங்கின. அதைக் கேட்டே துபாயிலும் மும்பையிலும் இருக்கிற நம் பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வீடியோவை 15 நொடியாகக் குறைத்த நாட்களில், 15 நொடிக்குள் ஒரு வசனத்தை அடக்கிக் கொடுத்த கல்லூரித் தம்பி, ஏழு வீட்டில் தனித்தனியாக நின்று ஒரே பாட்டைப் பாடிய பிள்ளைகள், பெரிய போன் இல்லாத ஆச்சிமார் வீட்டு வாசலில் நின்று தன் போனில் போட்டுக் காட்டிய பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், எனக்குச் சொல்லாமலே ரீசார்ஜ் செய்துவிட்ட அந்த நல்ல மனுஷர், எல்லோருக்கும் என் நன்றி. மூன்று நிமிடத்துக்கு மேல் பேச மாட்டேன் என்று சொல்லி, சொன்னபடியே நிறுத்திய நம் குருவானவருக்கும்தான்.

வீடியோவை நிறுத்தப் போவதில்லை. படுக்கையில் இருக்கிறவர்கள், வெளியூரில் இருக்கிறவர்கள், ஆலயத்துக்குள் வரத் தயங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே கேட்கிறவர்கள், அவர்களுக்கு அது வேண்டும். ஆனால் இனி சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கே எடுத்து முடித்துவிடுவோம். குருவானவரும் சரி என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிவருவது என் பொறுப்பு. எந்த வீட்டுப் பக்கம் போய் எடுத்தாலும், முதலில் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போனைத் தூக்குவேன்.

அண்ணாச்சி, அந்தச் சிலேட்டை அழித்துவிடுங்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு மில் ஓடட்டும். புட்டு மாவுக்கு உள்ள காசோடு நானே வருகிறேன். அம்மை கேட்ட பாட்டைப் பிள்ளைகள் புதிதாகப் பாடித் தருகிறோம் என்கிறார்கள், அதையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஓய்வுநாள் பள்ளி டீச்சர்