மாணிக்கம் கேட்ட கேள்வி

பணகுடி,
ஆடி 20

அன்புள்ள சுப்பையாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். ஆறு மாதமாக உனக்குப் பதில் எழுதாமல் இருந்தது என் தவறுதான். இப்போது எழுத வைத்தவன் நம் மாணிக்கம். அனல்மின் நிலையத்தில் பதினெட்டு வருடமாக ஒப்பந்தக் கூலியாக நிலக்கரி அள்ளும் அவன், சுடலை கோயில் கொடைக்கு வந்திருந்தபோது, ஆடிக்காற்றில் சுழன்றுகொண்டிருந்த காற்றாலைகளைக் காட்டி, "இது பெருகிட்டா எங்கள எங்கடே அனுப்புவாவ?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

இதே கேள்வியை உலக மேடைக்குக் கொண்டுபோன நாடு தென்னாப்பிரிக்கா. மின்சாரத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிலக்கரியிலிருந்து எடுக்கும் அந்த நாடு, 2021இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், நிலக்கரியை விட்டு வேறு மின்சாரத்துக்கு மாறும் செலவில் பணக்கார நாடுகளும் பங்கேற்க வேண்டும் என்று பேசி, 850 கோடி டாலருக்கு வாக்குறுதி பெற்றது. அதே மாநாட்டில்தான் நிலக்கரியை 'ஒழிப்பது' என்ற சொல்லை நம் நாடு 'குறைப்பது' என்று மாற்றவைத்தது. அப்போது நீயும் நானும் விடிய விடியச் சண்டை போட்டோமே! தென்னாப்பிரிக்காவைப் பார்த்து இந்தோனேசியாவும் வியட்நாமும் செனகலும் அதே வகை ஒப்பந்தங்களுக்கு வந்தன. வழி காட்டியது வளரும் நாடு என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை.

ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி கடன். மானியம் மிகச் சொற்பம். வாக்குக் கொடுத்த நாடுகளில் ஒன்றான அமெரிக்கா 2025 மார்ச்சில் விலகியும் போனது. அதைவிட என்னை வருத்துவது கோமாட்டி. முபுமலங்கா மாகாணத்திலுள்ள அந்த அனல்மின் நிலையத்தை 2022 அக்டோபரில் மூடியபோது, நிரந்தர ஊழியர்களுக்கு வேறு நிலையங்களில் இடம் கிடைத்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள், அவர்களை நம்பியிருந்த சாப்பாட்டுக் கடைகளும் வாடின. நியாயமான மாற்றம் என்று உலகத்திடம் வாதாடிய நாட்டிலேயே மாணிக்கம் போன்றவர்கள் கணக்கில் விடுபட்டார்கள், சுப்பையா. அங்கே குடியரசுத் தலைவர் அமைத்த காலநிலை ஆணையம் இந்தக் குறையை மறைக்காமல் அறிக்கையாகவே வெளியிட்டது. பணம் பெற்றதைக் காட்டிலும் அந்த நேர்மையைத்தான் நான் தலைமை என்பேன்.

நம் பக்கத்தில் நிலையத்தை மூடும் பேச்சு வருவதற்கு முன்பே ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர்ப்பட்டியலையாவது கேட்டுவாங்க வேண்டும். தொழிற்சங்கச் சட்டம் உனக்குத்தான் தெரியும். ஐப்பசியில் வரும்போது இரண்டு நாள் கூடுதலாகத் தங்கு; மாணிக்கத்தையும் வரச்சொல்லியிருக்கிறேன். மதினிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ஆறுமுகம்