செத்த குழந்தையை மூதாதையாக்கிய ஆய்வறிக்கை: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கார்ன்வால்–விஸ்கான்சின் குடும்ப வரலாறு, இரண்டாம் கட்ட அறிக்கை

ஐயா,

போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். எங்கள் மருமகன் வீட்டு மூதாதை இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள க்வென்னாப்பிலிருந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள மினரல் பாயின்ட் ஈயச் சுரங்கத்துக்குப் போனவர். அவருடைய பெற்றோர் யார் என்று உறுதிசெய்யத்தான் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினோம்.

நீங்கள் காட்டியிருப்பது 1816இல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு குழந்தை. அதே தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டியிருந்தால் 1817இல் அதைப் புதைத்தது தெரிந்திருக்கும். அதே பெயரில் 1818இல் வேறொரு வீட்டில் பிறந்தவரை, 1841 மக்கள்தொகைக் கணக்கில் வயது 20 என்றிருப்பதால் 'பொருந்தவில்லை' என்று தள்ளிவிட்டீர்கள். அந்தக் கணக்கெடுப்பில் 15க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 22ம் 23ம் அங்கே 20தான். 1850 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் எங்கள் மூதாதைக்கு வயது 32. இன்னும் என்ன பொருந்த வேண்டும்? வம்ச மரத்தில் நீங்கள் ஏற்றிய மேல் தலைமுறை அத்தனையும் யாரோ வீட்டு வம்சம். ஒரு குடும்பத்தின் வரலாற்றையே குழிதோண்டிப் புதைத்துவிட்டீர்கள்.

இதைக் கேட்டதற்கு உங்கள் ஊழியர் சொன்னது: "சார், கூகுள்ல பாத்துட்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க. எல்லிஸ் தீவுல பேரை மாத்தியிருப்பாங்க." நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்த அந்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892இல். அங்கேயும் யாரும் யாருக்கும் பெயர் மாற்றவில்லை, கப்பல் கம்பெனி புறப்படும் துறைமுகத்தில் எழுதிய பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். சரி, அறிக்கையிலாவது ஒழுங்காக இருக்கிறதா? 1849இல் நியூயார்க்கின் காசில் கார்டனில் இறங்கினாராம். குடியேறிகளுக்காக அது திறந்தது 1855 ஆகஸ்டில்!

கார்ன்வால்காரர்கள் பலர் கனடாவின் கியூபெக் வழியாகவும் வந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நியூயார்க் துறைமுகப் பயணிகள் பட்டியலில் கிடைத்த முதல் பெயரைப் பிடித்துக்கொண்டீர்கள். அந்தக் காலத்தில் கப்பல்கள் சுங்கத்துறைக்குக் கொடுத்த அந்தப் பட்டியலில் பெயர், வயது, ஆண் பெண், தொழில், நாடு இவ்வளவுதான் பெரும்பாலும் இருக்கும். ஊர் இல்லாமல் அவர்தான் இவர் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்?

ரசீதைப் பார்த்தால் இன்னும் கொதிக்கிறது. 1818இல் பிறந்தவருக்குச் சிவில் பிறப்புச் சான்றிதழ் தேடியதற்குக் கட்டணம். இங்கிலாந்தில் அந்தப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1. குடியுரிமைக் கோப்பு கேட்டு அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கு விண்ணப்பித்ததற்குக் கட்டணம். 1906 செப்டம்பர் 27க்கு முந்தைய கோப்புகள் அங்கே இல்லை, அந்தந்த ஊர் நீதிமன்றங்களில்தான் தேட வேண்டும். மூன்றாவதாக, 'லிவர்பூல் புறப்பாட்டுப் பட்டியல் வந்துகொண்டிருக்கிறது' என்று அதற்கும் கட்டணம் வாங்கி, உங்கள் கிளைக்கே வரச்சொல்லிக் காக்கவைத்தார் அதே ஊழியர். வெயிலில் அலைந்ததுதான் மிச்சம். பிரிட்டன் அரசிடம் இருக்கும் புறப்பாட்டுப் பட்டியல்கள் 1890இலிருந்து. இல்லாத ஆவணம் எங்கிருந்து வரும்?

தயவுசெய்து இந்த மூன்று கட்டணங்களையும் உடனே திருப்பித் தாருங்கள். அறிக்கையைக் கட்டணமின்றித் திருத்தித் தர வேண்டும், அதுவும் அமெரிக்கப் பக்கத்திலிருந்து: மினரல் பாயின்ட் மரணச் செய்திகள், கல்லறைக் கல், மினரல் பாயின்ட் இருக்கும் அயோவா கவுண்டி (மாவட்டம்) உயில், நிலப் பத்திரங்கள், 1850இல் பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள். கார்ன்வால்காரர்கள் கூட்டமாகப் போனவர்கள். பக்கத்து வீட்டுக்காரன் ஊரே நமக்குத் துப்பு. அதன்பிறகு க்வென்னாப் அடக்கப் பதிவேடு, ஆயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல்கள், மெதடிஸ்ட் ஞானஸ்நானப் பதிவுகள்.

உங்கள் நிறுவனத்தின் மேல் இன்னும் மதிப்பு உண்டு. ஆனால் இம்மாத இறுதிக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணமே கிடையாது.

பதிலை மின்னஞ்சலில் மட்டும் அனுப்புங்கள். அந்த ஊழியரை மறுபடி என்னிடம் பேச விடாதீர்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் கட்ட வாடிக்கையாளர்