வட ஆற்காட்டுத் தனியிசைக் கலைஞர்களுக்கு: ஊர்ப் பெயரை மறைக்காதீர்கள்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

காட்பாடியிலும் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் வாலாஜாவிலும் மாடி அறையில் உட்கார்ந்து சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தக் காசில் பதிவு செய்து வெளியிடுகிற எல்லோருக்கும்தான் இந்த மடல். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது, இப்போது நீங்கள் ராணிப்பேட்டையாகவோ திருப்பத்தூராகவோ இருக்கலாம், எனக்கு நீங்கள் எல்லோரும் வட ஆற்காடுதான்.

போன மாதம் ஒரு கல்லூரி விழாவுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுக்க என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இரண்டு நாள் முழுக்க, வந்திருந்த பிரஸ் கிட்டுகளை, அதாவது குழுக்கள் தங்கள் அறிமுகம், படம், பாட்டு, போன் நம்பர் எல்லாம் சேர்த்து அனுப்புகிற தொகுப்புகளை, திறந்து பார்த்தேன். பாட்டு அருமையாக இருந்த பல பேரைப் பட்டியலில் சேர்க்க முடியாமல் போனது, அதுதான் இன்னும் மனசை அறுக்கிறது. ஒரு தம்பி அனுப்பிய கூகுள் டிரைவ் இணைப்பைத் தட்டினால் அனுமதி கேட்கச் சொன்னது. கேட்டோம், நான்கு நாள் கழித்துத் திறந்துவிட்டார், அதற்குள் பட்டியல் முடிவாகிவிட்டது. இன்னொருவர் எல்லாம் எழுதியிருந்தார், போன் நம்பர் மட்டும் இல்லை. ஒரு தங்கையின் குரலைக் கேட்டு அறையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினோம், ஆனால் அவர் அனுப்பிய ஒரே படம் வாட்ஸாப்பில் நாலு கை மாறி வந்தது, பேனரில் போட்டால் முகம் தெரியாது.

இதெல்லாம் ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம். என்னை உறுத்தியது வேறு. பாதிக்கு மேற்பட்டவர்கள் ‘சென்னையைச் சேர்ந்த குழு’ என்று எழுதியிருந்தார்கள். கூப்பிட்டுப் பேசினால் ஒருவர் சத்துவாச்சாரி, ஒருவர் பாகாயம், ஒருவர் பேர்ணாம்பட்டு.

ஏன் அப்படி எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் பல வருஷம் அப்படித்தான் எழுதினேன். சென்னை என்று போட்டால்தான் மதிப்பார்கள் என்று நினைத்தேன். நடந்தது என்னவென்றால், சென்னையில் இருக்கிற நிருபருக்கு என்னைப் போல நூறு பேர் தினமும் அனுப்புகிறார்கள், அவர் என் மடலைத் திறக்கவே இல்லை. வேலூர் பதிப்புக்கு எழுதுகிற நிருபரோ, “நீங்க சென்னைன்னு போட்டிருக்கீங்களேம்மா, நம்ம பக்கத்துல எப்படிப் போடறது?” என்று கேட்டார். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை. அந்த இரண்டு மணி நேரத் தூரத்துக்காக நம் ஊரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறோம்.

நம் பக்கத்துக் கூத்தில் ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் இருந்து வரும்போது கட்டியங்காரன் என்ன கேட்பான்? நீங்கள் யார், எந்த நாடு, எதற்காக வந்தீர்கள் என்று கேட்பான். ராஜா தன் வாயால் பேரும் ஊரும் சொன்ன பிறகுதான் கதை நகரும். பிரஸ் கிட் அதே வேலையைத்தான் செய்கிறது. நம்மை அறியாத ஒரு நிருபரோ விழா நடத்துகிறவரோ கேட்கப்போகும் கேள்விக்கு முன்கூட்டியே நாமே சொல்லி வைக்கிற பதில். நாம் சொல்லாவிட்டால் அவர்கள் கிடைத்ததை எடுத்துப் போடுவார்கள். எங்கள் குழுவுக்கு அப்படி ஆனது. ஒரு விழாக்காரர்கள் இணையத்தில் தேடி, எங்கள் குழுவிலிருந்து விலகி இரண்டு வருஷமான தபேலாக்காரரின் படத்தைச் சுவரொட்டியில் போட்டுவிட்டார்கள். தெருவெல்லாம் ஒட்டியாகிவிட்டது. அவருக்கும் வேதனை, அவர் இடத்தில் வாசிக்கிற பையனுக்கும் வேதனை. அன்று எங்களிடம் அனுப்ப ஒரு கோப்பு இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

சரி, அறிமுகத்தை எப்படி எழுதுவது? ‘இசையையே மூச்சாகக் கொண்ட’, ‘எல்லைகளைக் கடந்த’ என்றெல்லாம் வந்த வரிகளை மாற்றி மாற்றி வைத்தாலும் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ‘குடியாத்தத்துத் தறிச் சத்தத்தைப் பதிவு செய்து அதன் தாளத்தில் பாட்டுக் கட்டும் மூன்று பேர்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், அந்த மூன்று பேரை யாரும் மறக்க மாட்டார்கள். முதலில் இப்படி ஒரே ஒரு வரி. அப்புறம் நூறு வார்த்தையில் ஒன்று, முந்நூறில் ஒன்று. நிருபர் தன் பக்கத்தில் இருக்கிற இடத்துக்குத் தக்கபடி அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வார். உங்கள் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுத வேண்டும் என்று ஒரு முறை முடிவு செய்து, பாட்டுச் செயலிகள், யூடியூப், சுவரொட்டி எல்லாவற்றிலும் அதையே வையுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் தேடுகிறவருக்கு நீங்கள் கிடைக்காமல் போகலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு என்று ஒரு தொல்லை உண்டு, இதைச் சென்னையில் ஆங்கிலத்தில் கிட் செய்து தருகிறவர்கள் சொல்ல மாட்டார்கள். பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். எந்தக் கணினியிலும் போனிலும் படிக்க முடிகிற யூனிகோடு முறையில் அடியுங்கள். பி.டி.எஃப். மட்டும் அனுப்பினால் அதிலிருந்து தமிழை நகலெடுக்கும்போது பல நேரம் கொம்பும் காலும் இடம் மாறிப்போகிறது, நிருபருக்கு மறுபடி தட்டச்சு செய்ய நேரம் இருக்காது. அதனால் அதே செய்தியை வேர்டு கோப்பாகவும் கூடவே வையுங்கள்.

படம் அச்சில் தெளிவாக வர 300 டிபிஐ வேண்டும், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, ஆறு அங்குல அகலத்தில் போட 1800 பிக்சல். படுக்கையாக ஒன்று, நெட்டாக ஒன்று, இரண்டும் வேண்டும். வேலூர்க் கோட்டை அகழிக்கு முன்னால் நின்று எடுத்தால் போதும், ஸ்டுடியோ தேவையில்லை. வாட்ஸாப்பில் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். கோப்புக்கு உங்கள் குழுவின் பெயரை வையுங்கள், கேமரா கொடுத்த எண்ணோடு விடாதீர்கள். படம் எடுத்தவர் பெயரை எழுத மறக்காதீர்கள், அவரும் நம்மைப் போல ஒரு கலைஞர்தான்.

பாட்டை மின்னஞ்சலில் இணைக்க வேண்டாம். சுருக்காத வேவ் கோப்பு ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி., நாலு நிமிஷப் பாட்டை 25 எம்.பி.க்கு மேல் ஏற்காத ஜிமெயிலில் எப்படி அனுப்புவது? இணையத்தில் ஏற்றி வைத்து அதன் லிங்க்கை மட்டும் கொடுங்கள். பத்துப் பாட்டு வேண்டாம், மிகச் சிறந்த மூன்று போதும். கூடவே மேடையில் வாசித்த வீடியோ ஒன்று கட்டாயம் வேண்டும், வெட்டி ஒட்டாமல் ஒரே எடுப்பாக இருந்தால் ரொம்ப நல்லது. விழா நடத்துகிறவர் முதலில் தட்டுவது அதைத்தான்.

மேடைக் குறிப்பு ஒரு பக்கம் போதும், யார் எங்கே நிற்பார், எத்தனை மைக், வாசிக்கிறவர்களுக்கே கேட்பதற்காக மேடையில் வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் எத்தனை என்று. பம்பை, உடுக்கை வைத்து வாசிக்கிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். பம்பை என்றால் இரண்டு உருளை சேர்த்துக் கட்டியது என்றே வெளியூர் சவுண்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். மைக்கை எங்கே வைக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், பொய் எழுதாதீர்கள். வாங்காத விருதும் பாடாத மேடையும் வேண்டாம். அம்மன் திருவிழாவில் ராத்திரி முழுக்க வாசித்தீர்களா, அதை எழுதுங்கள், ஊர்ப் பெயரோடு, வருஷத்தோடு. ஆயிரம் பேர் விடிய விடிய உட்கார்ந்து கேட்டார்கள் என்பது சின்ன விஷயமா?

பொங்கல் முடிந்ததும் கல்லூரி விழாக்கள் வரிசையாக வந்துவிடும், அதனால் கிட்டை மார்கழிக்குள் முடித்துவிடுங்கள். அனுப்புவதற்கு முன் அதன் இணைப்பை உங்கள் போனில் பார்க்காதீர்கள், அதில் எப்படியும் திறக்கும். வீட்டில் அம்மாவின் போனில் திறந்து பாருங்கள். பாட்டு ஓட வேண்டும், படம் தெரிய வேண்டும், நம்பர் இருக்க வேண்டும், முதல் வரியில் உங்கள் ஊர் இருக்க வேண்டும். அப்புறம் அனுப்புங்கள்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து உங்கள் அக்கா ஒருத்தி