அது 65 இல்லை, கண்ணா

அன்புள்ள கண்ணா,

பார்சலில் மேலே முறுக்கு, நடுவில் பருப்புப் பொடி, அடியில் நார்த்தங்காய். இந்தக் கடிதத்தை எண்ணெய் படாமல் ஒரு உறையில் போட்டு, முறுக்குக்கும் பொடிக்கும் நடுவில் வைக்கிறேன். வாட்ஸ்அப்பிலேயே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று வரும், அதோடு முடிந்தது. ஃபோன் போட்டால் "ஐ ஆம் குட், மா". மூன்று வாரமாக இந்த நாலு வார்த்தைதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பாதி நாள் மட்டம் போட்டவன் என்றாலும் நீ எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாய். புரியாத இடத்தைத் தாண்டிப் போகாதே. இன்னொரு தரம் படி.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தக்காளிச் செடியை இந்த வருஷமும் மான் வந்து மேய்ந்துவிட்டது. அக்கா குழந்தைக்குக் கீழ்ப்பல் இரண்டு வந்திருக்கிறது, மாமன் வந்து பார்க்கவில்லையே என்று அக்காவுக்குக் குறை. பாட்டி திதிக்கு நீ ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். அன்றைக்கு நீ பஸ்ஸில் இருந்தாய் என்று அப்பா சொன்னார். சரி, உங்கள் அணி இருக்கிற அமரில்லோவிலிருந்து சான் ஆன்டோனியோ ஐந்நூறு மைல், எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்தில் ஐந்து நிமிஷம் இல்லையா என்று கேட்கத்தான் தோன்றியது. கேட்கவில்லை.

ராத்திரி ஏசிக் காற்று நேராகத் தோள்மேல் படுகிற மாதிரி படுக்காதே. பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் வலது கையை மடித்து வைத்துக்கொண்டு தூங்காதே. நல்லெண்ணெயைச் சூடு பண்ணி வாரம் ஒரு தரமாவது தேய்த்துக்கொள். உங்கள் டிரெய்னர் சிரித்தால் சிரிக்கட்டும்.

போன வியாழக்கிழமை உன் பேஸ்பால் ஆட்டத்தை முழுக்கப் பார்த்தோம். அப்பா டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறார், வர்ணனை கேட்டால் ரத்த அழுத்தம் ஏறுகிறதாம். நான் வழக்கம்போலப் பழைய கிளிக்கரோடு உட்கார்ந்தேன். அமுக்க அமுக்க எண் ஏறுமே, அதேதான். ஓரத்தில் நீ பல்லால் கடித்த தழும்புகூட அப்படியே இருக்கிறது. ஐந்து இன்னிங்ஸ், 83 பந்து போட்டு, ஒரே ஒரு ரன்தான் கொடுத்தாய். மறுநாள் ஆபீஸில் ஸ்கோரை அச்செடுத்து என் மேஜையில் வைத்தேன். அடுத்த மேஜைக்காரி கேட்டாள், நான் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

ஆனால் நான் பந்தை மட்டும் எண்ணுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். நோட்டில் எந்தப் பந்து எத்தனை என்று கோடு போட்டு வைப்பேன். மே மாதம் முழுக்க நாலு பந்துக்கு ஒன்று ஸ்லைடர், அந்தப் பக்கவாட்டில் வளைகிற பந்து, போட்டாய். வியாழக்கிழமை 83-க்கு ஏழு. அந்த அணியின் பேட்ஸ்மேன்களைப் பார்த்து அப்படிப் போட்டிருப்பான் என்கிறார் அப்பா. இருக்கலாம். மூன்றாவது இன்னிங்ஸில் புதுப் பந்து வாங்கினாய். கிளவுஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு பந்தை இரண்டு கையாலும் தேய்த்தாய். அப்புறம் கேமரா வேறு பக்கம் போகிறது என்று நினைத்தாயோ என்னவோ, வலது கையைத் தொங்கவிட்டு, மோதிர விரலையும் சுண்டு விரலையும் மட்டும் உதறினாய். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். நான் அந்த இடத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். அப்பா அடுக்களைக்குப் போன சமயத்தில்தான்.

எண்ணெய் தேய்க்கச் சொன்னேனே, மறக்காதே.

உன்மேல் எனக்கு என்ன குறை இருக்க முடியும்? 2022 ஜூலையில், பெரிய லீக் அணிகள் பையன்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டின் மூன்றாம் நாள், 14-ஆவது சுற்றில் உன் பெயர் வந்தபோது அப்பா புல் வெட்டும் இயந்திரத்தை நடுத் தோட்டத்தில் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். படிப்பில் இரண்டு செமஸ்டர் பாக்கியிருக்கிறதே என்று அன்றைக்கே சொன்னவளும் நான்தான். இப்போதும் பாக்கிதான், அதை விடு. பெரிய லீக்குக்குப் போகிற படிகளில் முதலில் விசேலியா, அந்த வெயிலில் நீ இளைத்தாய். அப்புறம் ஹில்ஸ்போரோ, அந்த மழையில் ஆட்டம் தள்ளிப்போய் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்று அலைந்தாய். இப்போது அமரில்லோ. கடல் மட்டத்துக்கு 3,600 அடி மேலே, காற்று வேறு, மற்ற ஊரில் கேட்ச் ஆகிற பந்து அங்கே வேலி தாண்டிவிடுகிறது. அந்த ஊரில் ஐந்து இன்னிங்ஸில் ஒரு ரன் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. 2023-ல் ஆட்டக்காரர் சங்கம் உங்களுக்காக முதல் ஒப்பந்தம் போட்டபோது, நீ இப்போது இருக்கிற டபுள்-ஏ படி ஆட்டக்காரருக்கு வருஷத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 13,800 டாலரிலிருந்து 30,250 ஆனது. அந்தச் செய்தியை நான் வெட்டி வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய பையன்கள் எப்படித்தான் வயிறு கழுவினார்களோ.

அடுத்த படி ரீனோ. அதற்கு மேல் ஒரே படி, பெரிய லீக். கோடைச் சனிக்கிழமைகளில் அப்பா உன்னை டெலவேர் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போவாரே, பெரிய லீக் பந்துகளுக்கெல்லாம் தேய்க்கிற சேறு நம் நியூ ஜெர்சி பக்கத்தில்தான் எங்கேயோ எடுக்கிறார்கள் என்று. அந்த இடம் ரகசியம். நீங்கள் கண்டுபிடித்ததும் இல்லை. பேண்டெல்லாம் சேறாக்கிக்கொண்டு வருவீர்கள், நான் கத்துவேன். அந்தச் சேறு தேய்த்த பந்து உன் கையில் பெரிய மைதானத்தில் இருக்கும் நாள் தூரத்தில் இல்லை என்று எனக்கும் தெரிகிறது.

நவம்பர் என்று நீ யோசிப்பதும் தெரிகிறது. கல்லூரியிலிருந்து 2022-ல் சேர்ந்தவர்களுக்கு இந்த 2025-தான் கணக்கு. பெரிய லீக் அணி தன் நாற்பது பேர் பட்டியலில் உன்னைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் டிசம்பரில் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். இந்த நேரத்தில் போய் டிரெய்னரிடம் ஏதாவது சொன்னால் பெயருக்கு எதிரே ஒரு குறி விழும் என்று உனக்குப் பயம். நான் கணக்குப் பார்க்கிறவள், கண்ணா. நீ சொல்லாமல் விட்டதையும் கூட்டிப் பார்த்துவிட்டேன்.

கை வலிக்கிறதா?

இதை ஃபோனில் கேட்கலாம்தான். கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். அந்தப் பதிலை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்.

நினைவிருக்கிறதா, 2013 ஜூன், உனக்குப் பன்னிரண்டு வயது. புதன்கிழமை சாயங்கால ஆட்டம். பந்து எண்ணுகிற வேலையை எப்போதும் என்னிடம்தான் கொடுப்பார்கள். எதிரணியிலிருந்து எண்ண வந்த பெண்மணி கைக்குழந்தையோடு வந்திருந்தாள், பாதி நேரம் குழந்தையைத்தான் பார்த்தாள். ஆட்டம் முடிந்ததும் என் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டாள். அந்த எண் 65.

கிளிக்கரில் இருந்தது 74.

விதி உனக்குத் தெரியும். சின்னப் பையன்கள் ஒரு நாளில் 51-லிருந்து 65 பந்து வரை போட்டால் மூன்று நாள் ஓய்வு. 66 ஆனாலே நாலு நாள். புதன்கிழமை போட்டவன் மூன்று நாள் ஓய்வென்றால் ஞாயிற்றுக்கிழமை ஃபைனலில் போடலாம், நாலு நாள் என்றால் முடியாது. நான் கிளிக்கரைக் கைப்பைக்குள் போட்டு பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். கை நடுங்கவில்லை. அதுதான் இப்போது எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷ வேலையில் ஒரு சென்ட் இடித்தாலும் ராத்திரி வீட்டுக்கு வராமல் தேடியவள், பெற்ற பிள்ளையின் கையில் ஒன்பது பந்தைத் திருடினேன்.

எதற்காக என்று நீ கேட்பாய். நாங்கள் அந்த மைதானத்துக்கு வந்த முதல் இரண்டு வருஷம், மடக்கு நாற்காலி போட்டு நானும் அப்பாவும் தனியாக ஓரத்தில் உட்கார்ந்திருப்போம். யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. பேசவும் இல்லை. நீ பந்து போட ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நம் பக்கம் வந்தார்கள். உன் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகினார்கள். என் பெயரையும். ஞாயிற்றுக்கிழமை வேறு பையன் போட்டு ஜெயித்திருந்தால் எனக்கு அது போய்விடும் என்று பயந்தேன். உனக்காகச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்காக இல்லை.

ஃபைனலில் ஜெயித்தாய். கோப்பை இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது, நான் தூசி தட்டுவதில்லை, அப்பாதான் தட்டுவார். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு, வலது முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாய். "சுண்டு விரல் தூங்குதும்மா" என்றாய். மரத்துப்போவதற்கு உனக்குத் தமிழ் வார்த்தை தெரியாது. உன்னை அடுக்களைக்கு அழைத்துப் போய், விளக்குப் போடாமல், ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் தைலம் தேய்த்தேன். "ஒன்றும் இல்லை. யார் கேட்டாலும் நல்லா இருக்கேன்னு சொல்லு. கோச்சிடம் சொன்னால் உட்கார வைத்துவிடுவார்" என்றேன். நீ தலையாட்டினாய். நல்ல பிள்ளை, சொன்னபடி கேட்பாய். "ஐ ஆம் குட், மா" என்று நீ சொல்கிறபோதெல்லாம் எனக்கு அந்தத் தைல வாசனை வருகிறது.

அப்பாவுக்கு இது இன்று வரை தெரியாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்த பிறகு சொல்லப் போகிறேன். முன்னால் சொன்னால் கடிதத்தை அனுப்ப விடமாட்டார், பையன் மனசு கலங்கும் என்பார்.

அந்த ஒரு வாரத்தால்தான் இன்றைக்கு வலிக்கிறது என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார், அது எனக்கும் தெரியும். ஆனால் வலித்தால் வாயை மூடிக்கொள் என்று சொன்னது நான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். போய்ச் சொல். நாளைக்கே சொல். எந்த விரல், எத்தனாவது பந்திலிருந்து, எந்தப் பந்து போட்டால் என்று எல்லாவற்றையும் டிரெய்னரிடம் சொல். குறைத்துச் சொல்லாதே.

நீ பயப்படுகிற அந்த முழங்கைத் தசைநார் ஆபரேஷனைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். 1974-ல் டாமி ஜான் என்ற பந்து வீச்சாளருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்தபோது யாரும் அதை நம்பவில்லை. மறு வருஷம் முழுக்க அவர் ஆடவில்லை. 1976-ல் திரும்பி வந்து, அதற்கப்புறம் மட்டும் 164 ஆட்டம் ஜெயித்திருக்கிறார். உங்கள் லீக்கிலேயே ஃபிரிஸ்கோவில் போட்டானே குமார் ராக்கர், அவன் அம்மாவைப் பெற்றவர்களும் நம் தேசத்திலிருந்து வந்தவர்கள்தான். 2023 மே மாதம் ஆபரேஷன், அடுத்த வருஷம் செப்டம்பரில் பெரிய லீக்கில் முதல் ஆட்டம். உனக்கு அது வேண்டியதே இல்லாமல் போகலாம். சின்ன வீக்கமாக இருந்து, நாலு வாரம் ஓய்வு எடுத்தால் சரியாகிவிடலாம். சீக்கிரம் சொன்னால்தானே அது.

கட்டைவிரலையும் சுண்டு விரலையும் சேர்த்துக்கொண்டு மணிக்கட்டை மடக்கினால் நடுவில் ஒரு கயிறு எழும்பி நிற்கும், பலருக்கு அதைத்தான் எடுத்து முழங்கைக்குள் வைத்துக் கட்டுகிறார்களாம். நேற்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து என் கையை மடக்கிப் பார்த்தேன். எனக்கு நன்றாகவே இருக்கிறது. கேட்டால் இரண்டு கையிலிருந்தும் கொடுத்துவிடுவேன். அவரவர் உடம்பிலிருந்தே எடுப்பதுதான் வழக்கமாம்.

நவம்பர் பட்டியலில் உன் பெயர் இல்லாவிட்டால் இல்லை. அடுத்த வருஷமும் நவம்பர் வரும். உன் அறை அப்படியே இருக்கிறது. இரண்டு செமஸ்டரும் அப்படியே இருக்கிறது. வந்து படி என்று இதை வைத்து மிரட்டவில்லை, இருக்கிறது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

டிரெய்னரிடம் சொன்ன பிறகு எனக்கு ஃபோன் செய். அவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல். என்மேல் கோபம் வந்தால் அதையும் சொல். திட்ட வேண்டும் என்றால் இங்கிலீஷிலேயே திட்டு, எனக்குப் புரியும்.

நார்த்தங்காய் டப்பா மூடி ரொம்ப இறுக்கம். பக்கத்தில் யாரையாவது திறக்கச் சொல், இல்லையென்றால் இடது கையால் திற.

அம்மா