அண்ணே, அப்பா சொன்னதை நீங்க கேட்கல

அண்ணே,

இன்னைக்கு அப்பாவுக்குத் திதி. படையல் முடிஞ்சு எல்லாரும் கிளம்பிட்டாங்க. மெல்பர்ன்ல உங்க குழுவுல பாரம் வடிவமைக்கற வேலைக்கு நான் வரல, முடிவு பண்ணிட்டேன். போன்ல சொன்னா பேசிப் பேசியே என்னைச் சம்மதிக்க வச்சுடுவீங்க, அதான் எழுதறேன். மன்னிச்சுடுங்க. இதுக்கு ஏன் மன்னிப்புக் கேட்கணும்னும் தோணுது. 

நீங்க புலனத்துல அனுப்பற சுட்டி எதையும் நான் திறக்காம விட்டதில்ல. 1958-ல ஜெரால்டு ஹோல்ட்டம் வரைஞ்ச சமாதானச் சின்னத்துக்குள்ள கொடியசைப்பு முறையில N, D ரெண்டு எழுத்தும் (அணு ஆயுத ஒழிப்புங்கறதோட ஆங்கில முதலெழுத்துங்க) இருக்குன்னு காட்டினீங்க. மெர்கேட்டர் வரைபடத்துல ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியற கிரீன்லாந்து நிஜத்துல அதுல 14-ல ஒரு பங்குதான்னு சொன்னீங்க. பார்க்கறதை நம்பாம நின்னு பார்க்கக் கத்துக்கொடுத்தது நீங்கதான், வேற யாரும் இல்ல.

ஆனா அந்தத் தீபாவளி ராத்திரி இன்னும் உறுத்துது.

ஃபுளோரிடா வாக்குச்சீட்டை அச்சடிச்சு அப்பா முன்னால வச்சீங்க. 2000 அமெரிக்க அதிபர் தேர்தல், பாம் பீச் மாவட்டம். வயசானவங்களுக்கு எழுத்து பெருசாத் தெரியணும்னு பேருங்களை இடமும் வலமுமாப் பிரிச்சுட்டாங்க. குத்தற துளைங்க மட்டும் நடுவுல ஒரே வரிசை. இடப்பக்கம் ரெண்டாவது பேரு அல் கோர். "ரெண்டாவது ஆளுக்குப் போடுங்கப்பா"ன்னீங்க. அப்பா ரெண்டாவது துளையில விரலை வச்சாரு. அது வலப்பக்கத்துல இருந்த இன்னொரு வேட்பாளர் பியூகேனனோட துளை. கோருக்கு மூணாவது. நீங்க கைதட்டிச் சிரிச்சீங்க. "பார்த்தியா, அங்கயும் இப்படித்தான் ஏமாந்தாங்க!" அப்பா விரலை எடுத்துட்டாரு.

அது கேலி இல்லன்னு எனக்குத் தெரியும். சொன்னது கண்ணெதிர்லயே நடந்த சந்தோஷம் உங்களுக்கு. அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? "அப்ப என் ஓட்டு யாருக்குப் போச்சு?"ன்னு கேட்டாரு. அதுக்குள்ள நீங்க மச்சான் பக்கம் திரும்பிட்டீங்க. "அந்த மாவட்டத்துல பியூகேனனுக்கு 3,407 ஓட்டு, மாநிலத்துல கோரை புஷ் ஜெயிச்சது வெறும் 537 ஓட்டு வித்தியாசத்துல..."ன்னு அவருகிட்ட சொல்லிக்கிட்டிருந்தீங்க.

அப்பா என்கிட்ட மெதுவாச் சொன்னாரு: "ரப்பர் மரத்துல கோடு இடது மேல இருந்து வலது கீழ சரியணும்மா. பால் தானா மங்குக் கிண்ணத்துக்கு வந்துடும், வழி தேடி அலையக் கூடாது. இவங்களுக்குக் கோடு போடத் தெரியல." பட்டைக்குள்ள பால்குழாய்ங்க லேசாச் சாய்ஞ்சு சுத்திப் போகுது, அப்படி வெட்டினாத்தான் நிறைய குழாய் அறுபடும்னு பிற்பாடு படிச்சேன். அவரு கை அதை எப்பவோ தெரிஞ்சு வச்சிருந்துச்சு. அந்தச் சீட்டுல என்ன கோளாறுன்னு நம்ம வீட்டுல சரியாச் சொன்னவரு அப்பாதான் அண்ணே.

இங்க என் கடைக்கு வர்ற பாட்டிங்க உதவித்தொகை பாரத்தை நீட்டி, எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்கறாங்க. தப்பான கட்டத்துல போட்டுத் திரும்பி வந்த பாரம் எத்தனையோ பார்த்தாச்சு. பெரிய எழுத்துல, தமிழ்ல, எந்தக் கட்டத்துக்கு எதுன்னு வரைஞ்சு சுவர்ல ஒட்டியிருக்கேன். உங்க குழு அங்க செய்யற வேலைதான் இதுவும். எனக்கு அது இங்க மலேசியாவுல, பத்தாங் பெர்ஜுந்தைல இருக்கு.

"ரப்பர் தோட்டமே செம்பனையாயிடுச்சு, லயத்து வீடுங்களை இடிச்சாச்சு, யாருக்குக் கடை?"ன்னு கேட்டீங்க. லயத்து ஆளுங்க எங்கயும் போயிடல. தாமான் குடியிருப்புலதான் இருக்காங்க. ஆப்பிரிக்கா எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குத் தெரியும், அவங்க இப்ப எந்த வீட்டுல இருக்காங்கன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?

கோவத்துல வந்துடுச்சு. அழிக்கப் போறதில்ல. உடம்பைப் பார்த்துக்குங்க, அங்க குளிர் காலம்.

சுட்டி அனுப்பறதை நிறுத்திடாதீங்க. பாரம் வடிவமைப்பு பத்தி எது கிடைச்சாலும் முதல்ல அனுப்புங்க, அடுத்த வாரம் ஒண்ணு புதுசா வரையறேன். ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணுங்க. வேலைப் பேச்சு மட்டும் வேணாம்.

தங்கச்சி